அட்டென்ஷனில் உட்கார்ந்த படை

வாரநாளெல்லாம் நாற்காலி ரிப்பேர், சனி ஞாயிறு தேசப் பாதுகாப்பு என்று பிரித்து வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் நாற்காலிக்காரர். பகுதிநேரப் படையில் சேர்ந்தால் நல்ல பூட்ஸ் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டுச் சேர்ந்தவர். பூட்ஸ் நல்லதுதான். ஆனால் அதை மாட்டிவிட்டு எங்கேயும் போக விடாமல் ஒரே இடத்தில் நிற்க வைப்பார்கள் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அந்தப் படையில் எல்லாருமே இப்படி இரட்டைப் பிழைப்புக்காரர்கள். கேப்டன் வெளியே பல் டாக்டர். தப்பு செய்தவனை நிறுத்தி விசாரிக்கும்போது பழக்கதோஷத்தில் "வாய நல்லாத் திறங்க" என்று ஆரம்பித்துவிடுவார். உள்ளே ஒரு சொத்தைப்பல் தென்பட்டால் தண்டனையை மறந்துவிட்டுக் கவலைப்படத் தொடங்கிவிடுவார். சமையல் பிரிவில் இருந்தவர் வெளியே சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர். அவர் காய்ச்சும் கஞ்சியைப் பார்த்தாலே அது தெரியும்.

நாற்காலிக்காரருடைய நிலைமை இதில் இன்னும் கொஞ்சம் சிக்கல். அவர் மனைவியின் தம்பி, அதாவது மச்சான், வாரநாளில் அவருடைய பட்டறையில் வேலை பார்ப்பவன். சக்கரத்தைக் கழற்று என்றால் கழற்றுவான், டீ வாங்கி வா என்றால் வாங்கி வருவான். ஆனால் படையில் மாமாவுக்கு முன்பே சேர்ந்துவிட்ட காரணத்தால் அங்கே அவன் சார்ஜென்ட். சனிக்கிழமை காலையில் முகாம் பஸ் ஊர்க்கோடிப் பெட்ரோல் பங்கைத் தாண்டும்வரை, "ஜன்னல் பக்கம் நீங்க உக்காருங்க மாமா" என்பான். தாண்டிய மறுநிமிடம், "ஏய், அந்த சீட்ட விட்டு எந்திரி" என்பான். இதில் இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் ஒன்றும் கிடையாது. திங்கட்கிழமை காலையில், பட்டறையில் இருப்பதிலேயே துருவேறிய நாற்காலியை எடுத்து மச்சான் கையில் கொடுத்து மாமா நேர் செய்துகொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் வந்தார். பொறுமையைப் பற்றிப் பேச வந்தவர், கேட்பவர்களிடம் அது எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை என்ற தீர்மானத்தோடு பேசினார். நல்ல வெயில். படை முழுவதும் அட்டென்ஷனில் நின்றது. முதலில் சுண்ணாம்புக்காரர் சாய்ந்தார். அவர் பக்கத்திலிருந்தவர் அவரைப் பிடிக்கப் போய்த் தானும் சாய்ந்தார். தொப்தொப்பென்று கேட்ட சத்தத்தை ஜெனரல் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் உற்சாகமாகத் தொடர்ந்தார்.

நாற்காலிக்காரர் விழவில்லை. அவர் வேறு வேலையாக இருந்தார். ஆபீஸ் நாற்காலிக்கு நடுத்தண்டில் ஒரு பம்ப் இருக்கும். எப்படிப்பட்ட மேனேஜரையும் அது தாங்கும். சம்பள உயர்வு கேட்டுப் போனவர்களுக்கு அந்த மேனேஜர்கள் எத்தனை கனம் என்று தெரியும். அந்தப் பம்பை நாற்காலியிலிருந்து கழற்றி ஆளுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்று அவர் யோசித்தார். ஜெனரல் தன் பாட்டனாரின் பொறுமைக்கு வந்தபோது யோசனை பாதி முடிந்திருந்தது. ஜெனரல் தன் சொந்தப் பொறுமைக்கு வந்தபோது முழுவதும் முடிந்துவிட்டது.

வாரநாளில் பட்டறையில் உட்கார்ந்து அதைச் செய்தார். இரண்டு ஒல்லிப் பம்புகள். அடிப்பக்கம் பூட்ஸ் குதிகாலில் ஊன்றும். காலுக்குப் பின்பக்கமாகக் கால்சட்டைக்குள்ளேயே ஏறி, மேலே ஒரு கான்வாஸ் பட்டையில் முடியும். குதிகால் இரண்டையும் சேர்த்து ஒரு தட்டு தட்டினால் பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் ஆள் பார்வைக்கு விறைப்பாக நிற்பார், உண்மையில் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். அட்டென்ஷன் சொன்னதும் குதிகாலைச் சேர்த்துத் தட்டுவதுதான் எல்லாப் படையிலும் வழக்கம் என்பதால், கட்டளையும் பூட்டும் ஒன்றாகவே விழுந்தன. இதற்கு அவர் ஒட்டுக்கால் என்று பேர் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை போட்டுக்கொண்டு போய் நின்றார். மச்சான் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவன் அவரிடம் வந்ததும் நின்றுவிட்டான்.

"அட்டென்ஷன்ல நிக்கிறவன் மூஞ்சில இவ்ளோ நிம்மதி இருக்கக் கூடாதே" என்றான்.

"என் மூஞ்சே அப்படித்தான் சார்ஜென்ட்."

"நாப்பது மைல் தள்ளி பட்டறையில நான் தினம் பாக்குற மூஞ்சி. அங்க இப்படி இல்லையே." சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தான். விரலால் ஒரு தட்டு தட்டினான். டங்கென்றது. பிறகு காதருகே குனிந்து, பெட்ரோல் பங்குக்கு இந்தப் பக்கம் முதல்முறையாக, "மாமா, எனக்கு ஒண்ணு" என்றான்.

மச்சானுக்கு ஒன்று என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா. வாரநாளில் ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வந்து கால் அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜெனரல் மறுபடி வந்தபோது படை செங்கல் சுவர் மாதிரி நின்றது. ஒரு தலை ஆடவில்லை. ஜெனரல் வழக்கத்துக்கு மேலே பேசினார், தன் மாமனாரின் பொறுமைவரை போனார். பின்வரிசையில் யாரோ லேசாகக் குறட்டை விட்டதைத் தேசிய உணர்ச்சியில் விட்ட பெருமூச்சு என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் கண் கலங்கி, "இவங்க மனுஷங்க இல்ல, தூண்கள்" என்று சொல்லிவிட்டு, அசையாத படைக்கென்று ஒரு கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். கேப்டன் அதைக் கொண்டுபோய்த் தன் பல் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் வைத்தார். காத்திருப்பதைப் பற்றி யாரும் அதற்குப் பிறகு அங்கே முணுமுணுப்பதில்லை.

ஊர்ப்பட்ட காலுக்கெல்லாம் செய்து கொடுத்த மனிதர் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வந்தார். அவர் மனைவி ஒரு பெரிய கடையில் கண்ணாடிச் சாமான் பிரிவில் நிற்பவர். வேலையின் பேர் விற்பனையாளர். வேலை என்னவோ நிற்பதுதான். அந்தக் கடையில் வாங்க வருகிறவர்களுக்கு சோபா உண்டு, நாய்க்குட்டிக்கு மெத்தை உண்டு, விற்கிறவர்களுக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. சாயங்காலம் வந்ததும் வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் யாரோடும் பேச மாட்டார்.

"ஊர்ல இருக்கிற சிப்பாய்க்கெல்லாம் நாலு நாலு கால் ஆயிடுச்சு" என்றார் ஒருநாள், வாளியிலிருந்தபடியே. "எனக்கு அதே ரெண்டுதான். அதுவும் எப்ப வேணா கழண்டுக்கும்."

நாற்காலிக்காரர் அன்றைக்கே உட்கார்ந்து, செய்ததிலேயே நயமானதாக ஒன்று செய்தார். பட்டைக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தார். கடைச் சீருடையின் தொளதொளக் கால்சட்டைக்குள் அது இருந்த இடமே தெரியவில்லை. அதிலிருந்து அந்த வாளி வீடு துடைக்கப் போய்விட்டது. மனைவி சாயங்காலத்தில் பேசினார். நாற்காலிக்காரர் அதையும் பொறுத்துக்கொண்டார். கடை மேற்பார்வையாளர் மற்ற பெண்களைக் கூப்பிட்டு, "இவங்கள பாத்துக் கத்துக்கங்க, எப்படி சளைக்காம நிக்கிறாங்க" என்றாராம். கற்றுக்கொள்ள அத்தனை பேரும் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். முடிவெட்டுகிறவர் வந்தார். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், "பிள்ளைங்க முன்னாடி உக்காந்தா மரியாதை போயிடும், நின்னா முட்டி போயிடும்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஒட்டுக்காலைத் தன் பேரில் உரிமைப் பதிவு செய்துவிடுவது, அப்புறம் நாற்காலியை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொள்வது என்று நாற்காலிக்காரர் முடிவு செய்தார்.

அங்கேதான் மச்சானுக்கு வாய் அரித்தது. படையில் ஒரு மேல்பதவி காலியாக இருந்தது. முகாம் கேன்டீனில் சட்டப்பிரிவு மேஜர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய், "புதுசா ஒரு கருவி சார். என் பிரிவுல, என் ஆர்டர்ல பண்ணது" என்று சொல்லிவிட்டான். மைதானத்தையும் கோப்பையையும் பற்றி மூச்சு விடவில்லை. ராணுவத்துக்கு ஏற்ற கருவி என்று மட்டும் சொன்னான். அவ்வளவுதான். சீருடையில் இருக்கும்போது ஒருவருக்குத் தோன்றுவது எதுவாக இருந்தாலும் அது படைக்கே சொந்தம் என்று அங்கே ஒரு விதி இருந்தது. அடுத்த சனிக்கிழமை விசாரணை, ஜெனரலே நேரில் வருகிறார், கருவி இனி ராணுவ ரகசியம், வெளியே இருப்பதையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து கிடங்கில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மச்சானும் வந்திருந்தான். அக்கா அவனுக்கு முன்னால் தட்டை வைத்தார். தட்டில் வேறு ஒன்றும் வைக்கவில்லை.

"அக்கா, பசிக்குது."

"சார்ஜென்ட்டுக்கு யார் போடணுமோ அவங்க போடுவாங்க."

"நான் குடும்பத்துக்குப் பெருமைன்னு நெனச்சுத்தான்..."

"என் கால கழட்டிக் கிடங்குல வைக்கப் போறாங்க. பெருமையா இருக்குடா தம்பி." நாற்காலிக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் வாயில கொழுக்கட்டையா? இது நான் பண்ணது, குடுக்க மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே."

"எங்க வச்சுத் தோணுச்சுன்னு கேப்பாங்க" என்றார் அவர்.

"எங்க வச்சுத் தோணுச்சு?"

அவர் சோற்றைப் பிசைந்தார். மைதானத்தில், முழுச் சீருடையில், தொப்பி உட்பட என்று சொல்லவில்லை. சொல்லாமலே மனைவியம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"மைதானத்துல தோணுச்சுன்னு சொன்னா பொருள் அவங்களோடது" என்றார் நாற்காலிக்காரர். "பட்டறையில தோணி மைதானத்துக்குக் கொண்டு போனேன்னு சொன்னா, பரேடுல உக்காந்தேன்னு ஆயிடும். அதுக்கு சிறை. ரெண்டு பக்கமும் அடைச்சு வச்சிருக்கான் உன் தம்பி."

அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "அது சரி, எனக்கு ஒண்ணு வெளங்கல. அன்னைக்கு நீங்க எல்லாரும் உக்காந்துதானே இருந்தீங்க? அப்ப நின்னதுக்குன்னு எப்படிக் கோப்பை குடுத்தாரு அந்தப் பெரியவரு?"

மச்சான் காலித் தட்டைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். வெளிறிப்போன முகத்தோடு எழுந்து, சாப்பாடு கிடைக்காததைப்பற்றி மறுபேச்சுப் பேசாமல் வீட்டுக்குப் போனான்.

விசாரணை முகாம் வகுப்பறையில் நடந்தது. நடுவில் ஜெனரல். ஒரு பக்கம் கேப்டன். இன்னொரு பக்கம் மேஜர். இந்த மேஜரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெளியே அவர் வக்கீல். அதிலும் விவாகரத்து வழக்குகள் மட்டும் எடுப்பவர். சட்டமென்றால் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், ஆனால் அதைக் கரைத்துக் குடித்தவர்.

"குழந்தை எப்பப் பொறந்தது?" என்று தொடங்கினார். "மன்னிக்கணும், பொருள்."

"வாரநாள்ல சார். என் பட்டறையில."

"பொறந்தது இருக்கட்டும். கரு எங்க உண்டாச்சு?"

நாற்காலிக்காரர் பொய்க்குப் பழகியவர் அல்ல. ஆனால் உண்மைக்காக உயிரை விடுகிறவரும் அல்ல. "அன்னைக்கு வெயில் ஜாஸ்தி சார். சரியா நெனவு இல்ல" என்றார். வெயில் ஜாஸ்தி என்பது உண்மை.

"எல்லா அப்பாவும் இதத்தான் சொல்றாங்க" என்று மேஜர் பெருமூச்சு விட்டார். "சரி, சண்டை வேண்டாம். பொதுவா நான் சொல்ற ஏற்பாடு ஒண்ணு இருக்கு. வாரநாள்ல அப்பா வச்சுக்கட்டும். சனி ஞாயிறு படைகிட்ட அனுப்பிடணும்."

"சனி ஞாயிறுதான் சார் கடையில கூட்டம்" என்றார் நாற்காலிக்காரர். "மத்த நாள்ல என் வீட்டுக்காரி அது இல்லாமலே எப்படியோ சமாளிச்சிடுவா."

"ஓ. அம்மா வேற இருக்காங்களா இதுல." மேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விவகாரம் இப்போதுதான் அவருக்குப் பிடிபடத் தொடங்கியது.

ஜெனரல் பொறுமையைப் பற்றிப் பேசுகிறவர்தானே தவிர, அவரிடம் அது அதிகம் இல்லை. மேஜையைத் தட்டினார். "வேலை செய்யுமா செய்யாதா, அத சொல்லுங்க மொதல்ல. மைதானத்துல இத யாராவது போட்டுப் பாத்தாங்களா?"

கேப்டன் தன்னையறியாமல் வாயை நன்றாகத் திறந்தார். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் மனத்தில் ஆஸ்பத்திரியும், அதன் சுவரோரம் பளபளக்கும் கோப்பையும், அதற்குப் பக்கத்தில் ஜெனரலோடு எடுத்துக்கொண்ட போட்டோவும் வந்து நின்றன.

"சார்ஜென்ட்டக் கூப்பிடுங்க" என்றார் ஜெனரல். "அவன்தானே கண்ணால பாத்தவன்."

மச்சான் வந்தான். குதிகாலைச் சேர்த்துத் தட்டி அட்டென்ஷனில் நின்றான். டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. உடனே அவன் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. நாற்காலிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன அது சத்தம்?"

"பூட்ஸுங்க ஐயா."

"நல்ல பூட்ஸ். சொல்லு. இந்தக் கருவிய உன் ஆளுங்க பரேடுல போட்டாங்களா?"

"இல்லைங்க ஐயா" என்றான் மச்சான், வசதியாக உட்கார்ந்தபடி. "என் ஆளுங்க மைதானத்துல உக்காந்ததே கிடையாது. நீங்க கோப்பை குடுத்த அன்னைக்கு அங்க நின்னது அத்தனையும் எங்க சொந்தக் காலுங்க."

ஜெனரலின் மீசை மலர்ந்தது. "அதானே. எனக்குத் தெரியாதா. நின்னவன் எவன், நடிச்சவன் எவன்னு ஒரு பார்வையில சொல்லிடுவேன் நான்."

"அப்ப நீ ஆர்டர் போட்டதா என்கிட்ட சொன்னியே?" என்றார் மேஜர்.

"அது வாரநாள் பட்டறைச் சமாசாரம் சார். அங்க நான் மாமாகிட்ட வேலைக்காரன். நான் ஆர்டர் போட்டா டீக்கடைக்காரரே எடுக்க மாட்டாரு. பெருமைக்கு ஒரு வார்த்தை சொன்னேன், அது இவ்ளோ தூரம் வந்திடுச்சு."

"ஆக, படை இத வச்சுப் பழகவே இல்ல."

"கண்ணால கண்டதில்லைங்க."

கேப்டன் வாயை மூடினார். மேஜர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூட வாழாத தகப்பனுக்குப் பிள்ளைமேல் உரிமை கிடையாது, ஒட்டுக்கால் முழுவதும் நாற்காலிக்காரருக்கே என்று தீர்த்துவிட்டார். ஆனால் அவரும் வக்கீல்தானே, எதிர்த்தரப்புக்கு ஒரு முள்ளாவது வைக்காமல் விட்டால் தூக்கம் வருமா. "ஒரே ஒரு நிபந்தனை. இனிமே சீருடையில இருக்கும்போது இதுல ஏதாவது திருத்தம் உங்களுக்குத் தோணிச்சுன்னா, அது எங்களுக்கு. அப்படி ஒரே ஒரு திருத்தம் வந்தாலும் வழக்க மறுபடி திறப்பேன், முழுப் பிள்ளையையும் கேப்பேன்."

"தோணாது சார்" என்றார் நாற்காலிக்காரர்.

"எனக்கு ஒண்ணு தோணுது" என்றார் ஜெனரல். "சொந்தக் கால்ல இப்படி நிக்கிறவங்கள ஊரே பாக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை பொதுமக்களுக்கு முன்னாடி பரேடு வைங்க. நான் விரிவாப் பேசறேன்."

கேப்டனுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. பரேடு அன்று காலை வாசலில் தானே நின்று, ஒவ்வொருவர் காலையும் பல்லைத் தட்டிப் பார்ப்பது போல ஒரு சின்ன சுத்தியலால் தட்டி, வலிக்கிறது என்று சொன்னவனைத்தான் உள்ளே விட்டார். மச்சானுடையதைத் தட்டியபோது டங்கென்றது. கழற்றிவிட்டு வரச் சொன்னார்.

மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்கு வெளியே ஊர் நின்றது. ஜெனரல் பொறுமையின் வரலாற்றை ஆதியிலிருந்து ஆரம்பித்தார். வெகுநாளாக உட்கார்ந்தே நின்று பழகிய கால்களுக்கு நிற்பது மறந்து போயிருந்தது. சுண்ணாம்புக்காரர் முதல் வாக்கியத்திலேயே சாய்ந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகச் சாய, கேப்டன் ஜெனரலின் காதில், "உங்க பேச்சு அப்படியே உள்ள இறங்கிடுச்சு ஐயா, தாங்க முடியல இவங்களால" என்று சொல்லிவைத்தார். ஜெனரல் தலையசைத்துவிட்டு, குரலை இன்னும் உருக்கமாக்கினார்.

நாற்காலிக்காரர் முட்டி நடுங்க நின்றார். விழாமல் இருப்பதற்காகக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். கூட்டத்தில் எல்லாரும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்க, அவர் மனைவி ஒருவர்தான் வைத்த சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தார். அதாவது, உட்கார்ந்திருந்தார். தன்னுடைய ஒட்டுக்காலில், தன்னுடைய உரிமையில், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, சுகமாக. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது. படையில் நெஞ்சை நிமிர்த்தச் சொல்கிறார்களே, அது முதல்முறையாகத் தானாகவே நடந்தது.

அப்போதுதான் கவனித்தார். அம்மாள் இடதுபக்கம் ஒரு நூலளவு இறங்கியிருந்தார். பட்டை தளர்ந்திருக்கிறது. பட்டைக்கு பெல்ட் மாதிரி துளையும் முள்ளும் வைத்ததுதான் தப்பு. அதற்குப் பதிலாக ஒரு சின்ன...

நாற்காலிக்காரர் சட்டென்று யோசனையை நிறுத்தினார். தொப்பி தலையில் இருந்தது. சட்டைப் பித்தான் கழுத்துவரை பூட்டியிருந்தது. மேஜர் மேடையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. வேறு ஏதாவது நினைக்கலாம் என்று வாளியை நினைத்தார், கஞ்சியை நினைத்தார், ஜெனரலின் பேச்சைக்கூடக் காது கொடுத்துக் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் உதவவில்லை. அந்தச் சின்ன சாமான் மண்டைக்குள் வந்து வந்து கதவைத் தட்டியது. நிற்பதைவிட நினைக்காமல் நிற்பது பெரிய கஷ்டமாக இருந்தது. வேறு வழி தெரியாமல் மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, முழு மனத்தோடு, மல்லாக்க விழுந்தார்.

மச்சான் ஓடிவந்து குனிந்தான். "மாமா, மாமா, கேக்குதா?"

"சட்டைய கழட்டு மாப்ளே, சீக்கிரம்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"மூச்சு முட்டுதா?"

"இல்லடா. ஒண்ணு யோசிக்கணும்."